கட்டிலுக்கு அடியில் இருந்த ஜெனரேட்டர்

சத்தம் போடாத எதையும் சுயம்புலிங்கம் நம்பியதில்லை. நாய் என்றால் குரைக்க வேண்டும், எஞ்சின் என்றால் உறும வேண்டும், பெண்டாட்டி என்றால் திட்ட வேண்டும். சத்தம் இல்லையென்றால் உள்ளுக்குள் என்னவோ நடக்கிறது என்று அர்த்தம். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காமல் ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவருக்கு இந்த ஒரு பாடம் போதுமானதாக இருந்தது.

அதனால், விற்க வந்தவன் ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்து, பொத்தானை அமுக்கி, காற்றாடியை ஓடவிட்டுக் காட்டியபோது, அவர் குனிந்து பெட்டிக்குப் பின்னால் பார்த்தார்.

“சத்தம் எங்கவே?”

“சத்தமே வராது சார். அதான் இந்த ஜெனரேட்டரோட விசேஷம்.”

“பெட்ரோல் எங்க ஊத்தணும்?”

“பெட்ரோலே வேண்டாம் சார். சுத்துப்புறத்துல இருக்குற சூட்டை எடுத்துக் கரண்டா மாத்திரும். நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்?”

“சூடு தீந்து போச்சுன்னா?”

விற்பனைக்காரன் சிரித்தான். சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. அவர் கேள்வியாகத்தான் கேட்டார்.

அப்படியும் வாங்கினார். வாங்காமல் முடியாது. அவர் மனைவி ஜெயக்கொடி நாற்பது வருசம் வீட்டுச் சுவரைப் பார்த்தே காலம் தள்ளியவள். அவர் பார்த்த ஊரையெல்லாம் வாயால் சொல்லக் கேட்டதோடு சரி. “லாரியை விட்டு எறங்குன பிறவு உன்னய எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போறேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். இறங்கினார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் வண்டி ஒன்றும் வாங்கினார். அந்த நேரம் பார்த்து ஜெயக்கொடிக்கு நுரையீரல் சுருங்கிப் போயிற்று. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மெஷின் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட அவளால் இருக்க முடியாது. “மெஷினோட எங்க வேணாலும் போங்க, கரண்டு மட்டும் நிக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து கரண்டு வரும். நின்றால்? டீசல் அளந்து ஊற்றுகிற காலம், நாள் முழுக்க எஞ்சினை உறும விட முடியாது. பழைய பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்தால் அதன் புகை அவளுக்கு ஆகாது. கேரவன்கள் நிற்கிற திடல்களிலோ, எல்லாரும் இந்தப் பெட்டி வாங்கிவிட்டார்கள் என்று கரண்டு லைனையே பிடுங்கிவிட்டார்கள். பழைய ஜெனரேட்டரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது விற்பனைக்காரன் சொன்னான்: “வண்டிக்கு வெளிய, ஆளுங்க பொழங்குற பக்கமா வைங்க சார். உள்ள வைக்காதீங்க.”

“புகைதான் கெடையாதே. உள்ள வச்சா என்ன?”

“அது தெரியாது சார். கம்பெனில அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க.”

அந்த ஒரு பேச்சில் சுயம்புலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் பொழங்குகிற இடத்தில் வை என்று விற்றவனே சொன்னால் என்ன அர்த்தம்? தூக்கிக்கொண்டு போகிறவனும் இவனும் கூட்டு. நேரே இரும்புக் கடைக்குப் போனார். மாடு கட்டுகிற சங்கிலி ஒன்று வாங்கினார். பெட்டியை ஜெயக்கொடியின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில் ஏறியது.

வண்டியையும் அவர் நாலு வண்டியோடு நிறுத்த மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருதரம் விஜயவாடா தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை ஓரத்தில் லாரியைப் போட்டிருந்தபோது, தமிழ் பேசிக்கொண்டு ஒருத்தன் வந்தான். ஊர்க்காரன் மாதிரி பேசினான். தன்னிடம் இருந்த கருவாட்டில் பாதியை அவனுக்குக் கொடுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். விடிந்து பார்த்தால் டேங்கில் சொட்டு டீசல் இல்லை. குழாய் போட்டு உறிஞ்சியிருந்தான். அன்றைக்கு அவர் கற்றது: கூடச் சாப்பிடுகிறவன்தான் உறிஞ்சுவான்.

அதனால் தேரிக்காட்டுக்குள் போனார். சிவப்பு மணலும் ஒற்றைப் பனைகளும் தவிர வேறு எதுவும் இல்லாத இடம். மனுசவாடை கிடையாது. வண்டிக்குள் ஜெயக்கொடி, வெளியே ஒரு பனை நிழலில், வண்டிப் பக்கம் வருகிற பாதையைப் பார்த்தபடி, மடக்குக் கட்டிலில் இவர். ராத்திரி பகல் அதுதான் காவல்.

முதல் சில நாள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மெஷின் ஓடியது, காற்றாடி ஓடியது. வண்டிக்குள் ஒரு கொசு கிடையாது. ஜன்னலோரம் நாலைந்து செத்துக் கிடந்தன.

“பெட்டி நல்ல பெட்டியால்ல இருக்கு” என்றாள் ஜெயக்கொடி.

“அப்படித்தான் இருக்கும். மொதல்ல எல்லாவனும் நல்லவன்தான்.”

அப்புறம் மாவு பொங்கவில்லை.

சித்திரை வெயில். தேரியில் கால் வைத்தால் கொப்புளம் வரும். அந்த வெக்கையில் அரைத்து வைத்த இட்லி மாவு ஒரு நாள் முழுக்க அப்படியே கிடந்தது. மோந்து பார்த்தால் புளிப்பு வாசனையே இல்லை. “உளுந்துல கலப்படம் பண்ணிட்டான்” என்றார் சுயம்புலிங்கம். பாலில் உறை ஊற்றினாள். பால் பாலாகவே இருந்தது. “மாட்டுப் பாலே இல்ல இது, பவுடரு.” வழியில் அவளுக்குப் பிச்சிப்பூ வாங்கியிருந்தார்; சாயங்காலம் விரிய வேண்டிய மொட்டு மறுநாளும் மொட்டாகவே தலையில் இருந்தது. விரியவும் இல்லை, வாடவும் இல்லை. பூக்காரியையும் திட்டினார்.

அதற்கடுத்து ஜெயக்கொடி போர்வை கேட்டாள்.

“ஏட்டி, இந்த வேனல்ல எவளாவது போர்வை கேப்பாளா?”

“குளுருதுங்க. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

கையைத் தொட்டுப் பார்த்தார். பானைத் தண்ணி மாதிரி இருந்தது. வண்டிக்குள் அவருக்கு வேர்த்து ஒழுகியது. சுயம்புலிங்கம் யோசித்தார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பானோ? கேன் தண்ணீரில் எதுவும் கலந்திருக்குமோ? சந்தேகப்பட அவருக்கு ஆள் குறைச்சலே இல்லை. கட்டிலுக்கு அடியில் மட்டும் அவர் குனிந்து பார்க்கவில்லை. அதுதான் பூட்டிப் பத்திரமாக இருந்ததே.

தண்ணீர் பிடிக்கக் கடலோரத் திடலுக்குப் போக வேண்டியிருந்தது. சீசன் முடிந்து, பத்து இருபது வண்டி நிற்கிற இடத்தில் ஒரே ஒரு கேரவன் நின்றது. கைலி கட்டிய ஒரு மனுசர் அதிலிருந்து இறங்கி, பார்த்த மாத்திரத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

“வாங்க அண்ணாச்சி வாங்க! இங்கன பக்கத்துலயே போடுங்க வண்டிய. எம் பேரு மிக்கேல். ஐஸ் பேக்டரில மெக்கானிக்கா இருந்தேன். லூர்து, யாரு வந்திருக்கான்னு பாரு, டீ போடு!”

சுயம்புலிங்கத்துக்குத் தலையில் மணி அடித்தது. பேர் தெரியாதவனை இப்படி வருந்தி வருந்தி எதற்குக் கூப்பிடுகிறான்? கடல்கரை முழுக்க இடம் கிடக்கிறது. பக்கத்திலேயே போடு என்றால்?

ஆனால் ஜெயக்கொடி அதற்குள் மூக்குக் குழாயோடு படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மிக்கேலின் மனைவி லூர்தம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இவர் தண்ணீர் பிடித்து முடிப்பதற்குள், எந்த மீனுக்குப் புளி கூட வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையே வந்திருந்தது. ஜெயக்கொடியின் முகத்தில் ரத்தக்களை வந்திருந்தது. போர்வையைக் காணோம்.

“டீயில என்னத்தப் போட்டுக் குடுத்தா?” என்று வண்டியில் ஏறியதும் கேட்டார்.

“ஏலக்கா போட்டா. நாம இங்கனயே இருப்பமே? எனக்கு இன்னைக்குத்தான் சொகமா இருக்கு.”

“டீயக் குடிச்சதும் சொகமாச்சுன்னா, அந்த டீ என்ன டீன்னு யோசிக்கணும்.”

மறுபடி தேரிக்கே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் உச்சி வெயிலில், கஞ்சி கொடுக்க உள்ளே போனவர் தட்டைக் கீழே போட்டார். ஜெயக்கொடியின் நகமெல்லாம் நீலம். உதடு நீலம். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பெட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாகி மினுக்கியது. கூப்பிட்டால் கண் மட்டும் திறந்தது.

வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்றுகூட யோசிக்கவில்லை. எஞ்சின் கிளம்பியதும் பெட்டி தானாக நின்று, மெஷின் வண்டிக் கரண்டில் ஓடியது. தேரியைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறும்போது, பின்னாலிருந்து குரல் கேட்டது.

“எங்க போறிய?”

திரும்பிப் பார்த்தார். நகத்தில் நீலம் குறைந்திருந்தது. மாத்திரை கொடுக்கவில்லை, கஞ்சி கொடுக்கவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: பெட்டி நின்றிருந்தது.

அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த மனுசன் ஒருத்தன்தான் இருந்தான். திடலுக்கு ஓட்டினார். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, “ஏ மிக்கேலு! பெட்டி ஒண்ணு இருக்கு, வந்து பாரு!” என்று கத்தினார்.

மிக்கேல் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்தார். சங்கிலியைப் பார்த்தார். நிமிர்ந்து, சாவிக்குக் கையை நீட்டினார். சுயம்புலிங்கம் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

பெட்டியை வெளியே வெகுதூரம் கொண்டு வைத்த பிறகு, லூர்தம்மாளை ஜெயக்கொடியின் பக்கத்தில் இருத்திவிட்டு, ஆண்கள் இரண்டு பேரும் மணலில் நின்றார்கள்.

“அண்ணாச்சி, இது என்னத்துல ஓடுதுன்னு சொன்னான் ஒங்ககிட்ட?”

“சுத்துப்புறத்துச் சூட்டுல.”

“நாமளும் சுத்துப்புறந்தான?”

சுயம்புலிங்கம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“காத்துச் சூட்டை எடுக்கத்தான் செஞ்சாங்க. ஆனா அதுக்கு உசுருச் சூடுதான் சுளுவா வருது. பனையில பதநீ வடியும்போது எவனாவது பாறையப் போய் உறிஞ்சுவானா? எங்க ஐஸ் பேக்டரிக்கு மொதல்ல இதத்தான் கொண்டாந்தானுவ. கரண்டும் வரும், மீனும் குளுந்துரும்னு. செத்த மீனு குளுரவே இல்ல. பக்கத்துல நின்ன நாங்கதான் வெடவெடன்னு நடுங்குனோம்.”

“மாவு...” என்றார் சுயம்புலிங்கம். “மாவு பொங்கல.”

“மாவுலயும் உசுரு இருக்குல்லா. மோருல இருக்கு, பூவுல இருக்கு. சுத்தி இருக்குற அத்தனை உசுருகிட்டயும் கொஞ்சங் கொஞ்சமா எடுக்கும். கூட்டமா இருந்தா ஆளுக்கு ஒரு கொட்டாவி, அம்புட்டுத்தான். ஊரு கூடித் தேர் இழுத்தா எவன் தோளு வலிக்கும்? நீங்க ஒத்தைல இழுக்க விட்டுட்டியளே, மதினிய.”

அவள் மூச்சுக்கு வேண்டிய கரண்டை அவள் உடம்பிலிருந்தே உறிஞ்சி, அவளுக்கே கொடுத்திருக்கிறது. அதுவும் அவர் வாங்கி, அவர் கட்டி, அவர் காவல் இருந்து. சுயம்புலிங்கம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து, பழைய ஆள் அவருக்குள் தலையைத் தூக்கினான்.

“இது எல்லாருக்கும் தெரியுமாவே?”

“பாதிப்பேருக்குத் தெரியும். தெரிஞ்சவன் வாயத் தொறக்க மாட்டான். தொறந்தா எவனும் எவன் பக்கத்துலயும் வண்டியப் போட மாட்டான். தனித்தனியா நின்னு எல்லாரும் ஒங்கள மாதிரிதான் ஆவான்.”

“அப்ப அன்னைக்கு என்னய வாங்க வாங்கன்னு கூப்புட்டது?”

மிக்கேல் கடலைப் பார்த்தார். “எங்க வண்டிலயும் இதே பெட்டிதான். நாங்க ரெண்டே பேரு. திடல் காலி. குளுருல லூர்துக்கு மூட்டு வலி தாங்கல. நீங்க வந்தா நாலு பேராச்சேன்னுதான் கூப்புட்டேன். ஏலக்கா டீ மட்டும் மனசாரப் போட்டதுதான்.”

சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. ஆயுசிலேயே முதல் தடவையாக அதில் அவருக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

“வீட்டுக்குப் போயிரலாமாட்டி?” என்று ஜெயக்கொடியிடம் கேட்டுப் பார்த்தார். “செவுத்தப் பாக்கவா? நான் வரல்ல” என்றாள். எதனால் குளிர்ந்தது என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. பெட்டியில் ஏதோ கோளாறு, மிக்கேல் சரி பண்ணிவிட்டார் என்றார்.

ராத்திரியை எஞ்சின் கரண்டில் தள்ளிவிட்டு, மறுநாள் நீளமாக வயரை இழுத்து, வண்டிக்கு எட்டாத தூரத்தில் மணலில் உட்கார்ந்து, பெட்டியைத் தானே மடியில் வைத்துக்கொண்டார். என் பெண்டாட்டி, என் உடம்பு, எவனுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது. கொளுத்துகிற வெயிலில் பல் கிட்டித்தது. சாயங்காலம் எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை. மிக்கேல்தான் வந்து தூக்கினார்.

“ஒங்களுக்கு என்ன இருவது வயசா? நீங்களும் போயிட்டா மதினிய யாரு பாப்பா? நம்ம நாலு கெழடு போதாது அண்ணாச்சி. ஆளு வேணும்.”

“ஆளுக்கு எங்க போறது?”

மிக்கேல் ரோட்டைக் காட்டினார்.

வைகாசி விசாகம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருச்செந்தூருக்கு நடக்கிறவர்கள் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகச் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயிலில் வெந்த முகங்கள். ரோட்டோரம் ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். இன்னொரு பந்தல் முளைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

கேரவன்கள் இரண்டையும் ரோட்டோரத்துக்குக் கொண்டு வந்தார்கள். நாலு பனங்கம்பு, மேலே ஓலை, கீழே நீளப் பெஞ்சு. பானையில் மோர், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. பெஞ்சுக்கு அடியில், சாக்கு மூடிய பெட்டி. சங்கிலி போடவில்லை.

“வாங்க, வாங்க! உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போங்க!”

சுயம்புலிங்கத்தின் வாயிலிருந்து அந்த வார்த்தை முதலில் கரகரவென்று வந்தது, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. போகப் போகப் பழகிவிட்டது. வந்தார்கள். உட்கார்ந்தார்கள். “ஆகா, இந்தப் பந்தல்ல மட்டும் என்னா குளுமை! முருகன் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான் ஐயா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் கும்பிடாமல் பானையைக் கிண்டினார். விளக்கு பச்சையாக நின்று எரிந்தது.

ஜெயக்கொடி படியில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஊர் விசாரித்தாள். கோவில்பட்டி, சிவகாசி, மதுரைக்கு அங்கிட்டு. ஊரைப் பார்க்க வந்தவளைப் பார்க்க ஊரே வந்துகொண்டிருந்தது. அவள் தலையில் பிச்சிப்பூ விரிந்திருந்தது.

“நாப்பது வருசத்துல இப்பந்தான் மனுசரா ஆயிருக்கிய” என்றாள்.

அவர் கண்ணெல்லாம் பெஞ்சின்மேல் இருந்தது. யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் சேலையை இழுத்துப் போர்த்துகிறார்கள், எந்தப் பிள்ளை மடியில் சுருள்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தம்ளரை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“எந்திரிம்மா. குடிச்சாச்சுல்லா, போ, போ.”

“கொஞ்ச நேரம் உக்காந்தா என்ன தாத்தா? பெஞ்சு தேஞ்சா போயிரும்?”

“தேஞ்சுதான் போவும். கெளம்பு.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். கூட வந்தவள், “மோரு குடுக்க மனசிருக்கு, எடங் குடுக்க மனசில்ல பாரு” என்றாள். மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானம் ஒரு உப்பு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். வயசாளிதான், முழங்கை வரை வெயில் கறுத்த கை. பந்தலுக்குள் வராமல் வெளியிலேயே நின்று, பானையைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான், சுயம்புலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வையைச் சுயம்புலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பார்த்த பார்வை.

“சும்மாவா குடுக்கிய?”

“சும்மா எவன் குடுப்பான்?” என்றார் சுயம்புலிங்கம்.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான். இந்த ஒரு பதிலில் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். தன் தூக்குவாளியைத் திறந்து, கருவாடு ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

“இந்தாங்க, கடிச்சுக்கிடுங்க. மோருக்கு நல்லாருக்கும்.”

சுயம்புலிங்கம் வாங்கினார். வாயில் போட்டார். இரண்டு பேரும் மென்றார்கள். டிரைவர் ஒரு கொட்டாவி விட்டு, தோளைக் குறுக்கிக்கொண்டான். “நல்ல குளுமை” என்றான்.

“போதும், எந்திரிங்க. வெயிலு சாயறதுக்குள்ள போய்ச் சேருங்க.”

டிரைவர் எழுந்து போனான். லாரியில் ஏறுவதற்கு முன்னால் என்ன நினைத்தானோ, திரும்பி இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கவாட்டில் போய் டீசல் டேங்க் மூடியை இழுத்து இழுத்துப் பார்த்தான். பூட்டு பூட்டினபடி இருந்தது. திருப்தியாக ஏறி உட்கார்ந்தான்.

நல்ல டிரைவர்தான் என்று நினைத்தார் சுயம்புலிங்கம். கருவாட்டு முள்ளை மணலில் துப்பிவிட்டு, அடுத்த தம்ளரில் மோரை ஊற்றினார்.